அலமாரி இறங்கும் வேகத்தில் ஒரு பண்டிகைப் பாட்டு

என் மனைவியின் தம்பிக்குக் காதில் விழுந்தது நேராகக் காலுக்குப் போய்விடும். நடுவில் மூளை என்று ஒரு நிறுத்தம் இருப்பது அந்த வண்டிக்குத் தெரியாது. தெருவில் யாராவது பாட்டுப் போட்டுக்கொண்டு போனால், குளித்துக்கொண்டிருப்பவன் சோப்பு நுரையோடு ஆடுவான். வெளியே நிற்கும் நமக்கு வாளி உருளுகிற சத்தம் கேட்கும். கெட்ட குணம் என்று சொல்ல முடியாது. ஆனால் மரச்சாமான் கடையில் அலமாரி தூக்குகிறவனுக்கு அது ஆகாத குணம்.

நானும் அவனும் அந்தக் கடையில் ஜோடி. மூன்று மாடிக் கடை. மேல் மாடியில் அலமாரி, கட்டில். நடு மாடியில் சோபா, திரைச்சீலை. கீழே விளக்கும் பாத்திரமும் கல்லாவும். விற்ற சாமானை இறக்கி லாரியில் ஏற்றுவது எங்கள் வேலை. பின்பக்கப் படிக்கட்டைப் பண்டிகைச் சரக்குப் பெட்டிகளால் அடைத்துவிட்டார்கள். அதனால் டிசம்பர் முழுக்க, வாங்க வந்தவர்கள் ஏறி இறங்குகிற நடுப் படிக்கட்டில்தான் நாங்களும் இறங்க வேண்டும்.

அலமாரி இறக்குவதில் ஒரு முறை உண்டு. ஒருவன் கீழ்ப்பக்கம் நின்று பின்பக்கமாகவே இறங்குவான். கனம் முழுக்க அவன் நெஞ்சில். கண்ணுக்கு முன்னால் பலகையைத் தவிர ஒன்றும் தெரியாது. மேல்பக்கம் இருப்பவன் பார்த்து வழி சொல்ல வேண்டும். வாயால் சொல்வது பாதிதான். அவன் காலை வைப்பது மரத்தின் வழியாக இவன் கைக்குத் தெரியும். அவன் ஒரு படி, இவன் ஒரு படி. கீழ்ப்பக்கம் நான். மேல்பக்கம் மாப்ளே. நான் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கடை முழுக்க அவனுக்கு அதுவே பெயராகிவிட்டது. மேனேஜர் மேடமே "அந்த மாப்ளேயை வரச் சொல்லுங்க" என்பார்.

அவன் தற்காலிகமாக வந்தவன். பண்டிகை முடிந்ததும் நிரந்தரம் ஆக்கினால் கிடங்கு மாடியில் ஓர் அறையும் கொடுப்பார்கள். அந்த அறைக்காக அவனைவிட அதிகம் ஏங்கியவன் நான். எங்கள் வீடு ஓர் அறையும் ஒரு ஹாலும். ஹாலில் அவன் படுத்தால் தலை டிவிக்குக் கீழேயும் கால் சமையலறையிலும் இருக்கும். தண்ணீர் குடிக்கப் போகிறவன் அவனைத் தாண்டித்தான் போக வேண்டும், தாண்டித்தான் வர வேண்டும். இதை என் மனைவியிடம் சொல்ல முடியுமா? தம்பியை இடுப்பில் வைத்து வளர்த்தவள்.

"அவனுக்கு இந்த வேலை நிலைக்கணும்," என்று சொல்லிவிட்டாள். "நிலைக்கலைன்னா உங்களைத்தான் கேப்பேன். கீழ்ப்பக்கம் நிக்கிறது நீங்கதானே?"

டிசம்பர் பிறந்த அன்றே கடையில் கிறிஸ்துமஸ் பாட்டுப் போட்டார்கள். எல்லாம் ஒரே மாதிரிப் பாட்டு. மணி குலுங்கும், குழந்தைகள் கூவுவார்கள், நடுவில் ஒருவர் வயிறு குலுங்கச் சிரிப்பார். எதற்குச் சிரிக்கிறார் என்று கடைசிவரை சொல்ல மாட்டார். ஒரு சுற்று முடிந்தால் மறுபடி முதலிலிருந்து. மாடிக்கு மாடி ஒலிபெருக்கி. படிக்கட்டில் எங்கள் தலைக்கு நேராக ஒன்று.

முதல் வாரமே அது நடந்துவிட்டது. கண்ணாடி மேசை ஒன்றை இறக்கிக்கொண்டிருந்தோம். பாட்டு ஓர் இடத்தில் திடீரென்று துள்ளியது. மாப்ளேயும் துள்ளினான். அவன் ஒரு காலை மாற்றி வைத்ததும் மரம் என் கையில் ஒன்று சொன்னது, என் கால் வேறொன்று செய்தது. கண்ணாடி படிக்கட்டு முழுக்க மின்னியது. அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கியில் அந்த ஆள் சிரித்தார்.

மேடம் வந்து பார்த்தார். அதிகம் பேசுகிறவர் இல்லை.

"இன்னொன்னு உடைஞ்சா, பண்டிகைக்கு அப்புறம் மாப்ளே இந்தப் பக்கம் வர வேண்டாம்," என்றார்.

மறுநாள் அவன் இரண்டு காதிலும் பஞ்சு அடைத்துக்கொண்டு வந்தான். கால் துள்ளவில்லை, வாஸ்தவம். ஆனால் திருப்பத்தில் நான் "நில்லு, நில்லு" என்று கத்தியதும் அவனுக்குக் கேட்கவில்லை. அவன் பாட்டுக்கு இறங்கினான். நான் சுவரோடு சுவராக ஒட்டிப்போனேன். அலமாரியில் ஒரு கீறல் இல்லை. என் விலா எலும்பு கடைச் சரக்கு இல்லை என்பதால் அது உடைசலில் சேரவில்லை.

"இது சரிப்படாது மாமா," என்றான், பஞ்சைப் பிடுங்கிக்கொண்டே. "கால் என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது. பாட்டை மாத்தச் சொல்லுங்க."

"நான் சொன்னா மாத்துறதுக்கு இது என்ன என் வீட்டு டிவியா?"

"வீட்டு டிவியை மட்டும் நீங்க சொல்லியா மாத்துறோம்?" என்றான்.

மதியச் சாப்பாட்டுக்கு நாங்கள் திரைச்சீலைக் கிடங்கில் கூடுவோம். சுற்றிலும் துணி உருளைகள் நிற்பதால் கடைக்குள்ளேயே பாட்டு குறைவாகக் கேட்கிற இடம் அதுதான். அங்கே திரை தைக்கிற அக்கா இருப்பார். என்னைவிடப் பெரியவர். தேவாலயப் பாட்டுக்குழுவில் அவர் குரலைக் கேட்டு ஆண்கள் வரிசையில் நிற்க வைத்தார்களாம், அவ்வளவு கனமான குரல். அவரே பாட்டைக் கேட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"பாட்டு மேல கோபமில்ல தம்பி," என்றார் என்னிடம். "சின்ன வயசுல இருந்து பாடினதுதான். ஆனா பண்டிகைன்னா சந்தோஷமா இரு, சந்தோஷமா இருன்னு ஒருத்தர் காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் காதுல கத்திட்டே இருந்தா, கடைசியில யாரையாவது கடிக்கணும்போல இருக்கு."

கல்லாவில் பில் போடும் பெண்ணும் வந்து உட்கார்ந்தாள். "நேத்து ஒருத்தர் சில்லறை கேட்டாருண்ணே. நான் மணி மாதிரி டிங் டிங்னு தலையாட்டினேன். நானா ஆட்டல. தானா ஆடுது."

என்ன பாட்டுப் போடலாம் என்று பேச்சு வந்தது. கல்லாப் பெண் பாட்டே வேண்டாம் என்றாள். மாப்ளே ஒரு குத்துப் பாட்டுச் சொன்னான். நாங்கள் மூன்று பேரும் ஒன்றாகத் திரும்பிப் பார்த்ததில் வாயை மூடிக்கொண்டான். கடைசியில் அக்காவே எழுந்து மேடத்திடம் போனார். பின்னால் நானும் போனேன்.

மேடத்தின் மேசை இழுப்பறை திறந்திருந்தது. உள்ளே தலைவலி மாத்திரை அட்டை, பாதி காலி.

"என்னால நிறுத்த முடியாது," என்றார். "தலைமை ஆபீஸ் உத்தரவு. டிசம்பர்ல பண்டிகைப் பாட்டு ஓடியே ஆகணும். ஓடலைன்னா என்னைக் கேப்பாங்க."

"பண்டிகைப் பாட்டுன்னா எந்தப் பாட்டு?" என்று அக்கா கேட்டார்.

"அது சொல்லல. பண்டிகையைப் பத்தி இருக்கணும், அவ்வளவுதான்."

"சிரிப்பு இருக்கணும்னு?"

மேடம் உத்தரவை இன்னொரு தரம் மனதுக்குள் படிப்பதுபோல யோசித்தார். "அதுவும் சொல்லல," என்றார். அப்புறம் இழுப்பறையை மூடினார். "கொண்டு வாங்க, பாப்போம்."

பாட்டுக்கு எங்கே போவது? நாங்களே கட்ட வேண்டியதாயிற்று. எனக்கு வேண்டியது வேகம் மட்டும்தான். அலமாரி இறங்குகிற வேகம். அக்கா பெரிய கத்தரியால் தடித்த துணியை வெட்டும்போது கரக் என்று ஒன்று, கொஞ்சம் பொறுத்து கரக் என்று இன்னொன்று வரும். அதைக் கேட்டதும் என் கால் தானாகப் படி இறங்கியது. "இதேதான் அக்கா. இந்தக் கரக்குக்கு ஒரு கால், அந்தக் கரக்குக்கு ஒரு கால்," என்றேன்.

மாப்ளே லாரியோடு போயிருந்த ஒரு மத்தியானம் உட்கார்ந்தோம். நான் சொல்லச் சொல்ல அக்கா ராகம் போட்டார். அப்புறம் மறந்துவிடாமல் இருக்க, பெட்டி அட்டையைக் கிழித்து அதில் எழுதினேன். எழுதப் படிக்க நான் பழகியது வயதான பிறகு. என் எழுத்தின் அளவைத் தாங்க அட்டையால்தான் முடியும். முதல் சரணமும் பல்லவியும் சுளுவாக வந்தன.

விளக்குச் சரம் சிக்கிக்கிச்சு, யார் பிரிப்பா?
ஏணி மேல நான் ஏறினா யார் பிடிப்பா?
பண்டிகையே, மெதுவா வா,
படிக்கட்டு இருக்கு, பார்த்து வா.

இரண்டாவது சரணம் கல்லாப் பெண் கொடுத்தது.

சின்னவனுக்கு எடுத்த சட்டை அளவு பத்தல,
பெரியவளுக்கு எடுத்த நிறம் அவளுக்கு ஒத்துக்கல.

மூன்றாவது வரவில்லை. அக்கா கத்தரியைக் கீழே வைத்தார். "உங்க வீட்ல பண்டிகைன்னா என்ன நடக்கும் தம்பி? உள்ளதைச் சொல்லு."

உள்ளதைச் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் துணி உருளை ஒன்று சாய்ந்தது. அந்தச் சூட்டிலேயே கல்லாப் பெண்ணின் செல்போனில் பதிந்துவிட்டோம். அக்கா பாடிக்கொண்டே ஒரு கையால் கத்தரியைக் கரக் கரக் என்று அசைக்க, கல்லாப் பெண் பின்னால் ம்ம் ம்ம் என்று முனக, நான் சும்மா இருந்தேன். சும்மா இருந்தவனுக்குத்தான் அப்புறம் வந்தது வினை.

மேடம் காதில் மாட்டிக் கேட்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கேட்டு முடித்து, மறுபடி முதலிலிருந்து கேட்டார். "பழைய பாட்டோட நடுநடுவுல போடறேன்," என்றார்.

சனிக்கிழமை. கடையில் நிற்க இடம் இல்லை. மேல் மாடியிலிருந்து ஓர் அலமாரி இறங்க வேண்டும். இரண்டு கதவிலும் ஆளுயரக் கண்ணாடி. வாங்கிய அம்மாள் எங்களை நம்பாமல் கூடவே இறங்கினார். மேடம் கீழே படிக்கட்டின் காலடியில் நின்று அண்ணாந்து பார்த்தார். அவர் கண் அலமாரியில் இல்லை, மாப்ளேயின் காலில் இருந்தது. அவனுக்கும் அது தெரியும். கழுத்தில் வியர்வை ஓடியது.

"மாமா, இது போச்சுன்னா நான் போச்சு."

"பேசாம தூக்கு."

நாலு படி இறங்கியிருப்போம். மணிச் சத்தம் நின்றது. கரக். கொஞ்சம் பொறுத்து, கரக். அக்காவின் குரல் படிக்கட்டு வழியாக எருமை தண்ணீரில் இறங்குவதுபோல நிதானமாக இறங்கி வந்தது. விளக்குச் சரம் சிக்கிக்கிச்சு...

அவ்வளவு கூட்டமும் ஒரு மூச்சு விட்டதை நான் கேட்டேன். முட்டி மோதி ஏறிக்கொண்டிருந்தவர்கள் ஓரம் ஒதுங்கினார்கள். பை பையாகச் சுமந்த ஒரு மனிதர் விற்பனைக்கு வைத்திருந்த சோபாவில், "அப்பாடா" என்று உட்கார்ந்தார். அவர் பக்கத்தில் இன்னொருவர். அளவு பத்தல என்ற இடத்தில் யாரோ ஒரு பெண், "நம்ம வீட்டுக் கதை" என்றாள். மாப்ளேயின் கால், பாட்டுக்குக் கட்டி வைத்ததுபோல விழுந்தது. அவன் ஒரு படி, நான் ஒரு படி. என் நெஞ்சு குளிர்ந்தது. கிடங்கு மாடி அறையின் சாவி என் கண்ணில் தெரிந்தது.

அப்போது மூன்றாவது சரணம் வந்தது.

கொஞ்ச நாள்னு வந்த விருந்து கிளம்பிப் போகல,
ஹாலுல விட்ட குறட்டைக்குப் பல்லி தங்கல.

கால் நின்றது. பாட்டுக்குத் துள்ளும் காலைத்தான் நான் யோசித்திருந்தேன். வார்த்தையும் அதே காதில் விழும் என்பதை யோசிக்கவில்லை.

"மாமா," என்றது மேல்பக்கம்.

"கால் எடு மாப்ளே."

"குறட்டைன்னு வருது."

"பாட்டுன்னா ஆயிரம் வரும். கால் எடு, கனம் எம்மேல இருக்கு."

"ஹாலுன்னு வருது. பல்லின்னு வருது. நம்ம வீட்டுப் பல்லியா மாமா?"

என்ன சொல்வது? நெஞ்சில் அலமாரி. பின்னால் படி தெரியவில்லை. பொய் சொல்லவும் கொஞ்சம் மூச்சு வேண்டும். என்னிடம் அதுவும் இல்லை.

"ஆமா. நம்ம வீட்டுதுதான்."

அவன் கையை விட்டுவிடுவான் என்றுதான் நினைத்தேன். விட்டால் கண்ணாடி போகும், வேலை போகும், நானும் போவேன். அலமாரி வாங்கிய அம்மாள், "ஐயோ, என் கண்ணாடி!" என்றார்.

கையை விடவில்லை. தடக் என்று ஒரு படி இறங்கினான்.

"நான் குறட்டை விடமாட்டேன்!"

நானும் இறங்கினேன். "நீ விடறது தெரு முனையில கேக்குது!"

"அது பக்கத்து வீட்டுத் தண்ணி மோட்டாரு!" இன்னொரு படி.

"மோட்டார் 'அக்கா சோறு'ன்னு நடுவுல பேசுமாடா?" இன்னொரு படி.

சோபாவில் உட்கார்ந்திருந்த மனிதர் எட்டிப் பார்த்து, "தம்பி, குறட்டை விடறவனுக்குத் தன் குறட்டை கேக்காதுப்பா," என்றார். அவர் மனைவி, "இதை யாரு சொல்றது பாருங்க," என்று கூட்டத்தையே சாட்சிக்குக் கூப்பிட்டார்.

"கொஞ்ச நாள்னா எத்தனை நாளுன்னு நான் சொன்னேனா மாமா?"

"நீ சொல்லல. உன் பை சொல்லிச்சு. ரெண்டு சட்டையோடதானே வந்த? மிச்சத்துக்கு என் சட்டையைத்தானே போட்டுட்டு இருக்க? இப்ப போட்டிருக்கறதும் என்னுதுதான்!"

"அதை அக்கா கொடுத்தாங்க!"

"அவ எதைத்தான் உனக்குக் கொடுக்கல?"

திருப்பம் வந்தது. "வலது!" என்று கத்தினான். அதே கோபத்தில் கத்தினான். நான் வலது திரும்பினேன். பாட்டு முடிந்து எப்போது பழைய பாட்டு தொடங்கியது என்று எனக்குத் தெரியாது. மணி குலுங்கியது, குழந்தைகள் கூவினார்கள், அந்த ஆள் சிரித்தார். மாப்ளேயின் கால் துள்ளவில்லை. எனக்குச் சொல்லும் ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு படி என்று மட்டும் காலை வைத்தான். காதில் நான் மட்டுமே இருந்தேன். கடையில் சேர்ந்த நாளிலிருந்து நாங்கள் அவ்வளவு சீராக ஒரு சாமானை இறக்கியதில்லை.

"சொல்ல வேண்டியதை முகத்துக்கு நேரா சொல்லியிருக்கலாம்ல மாமா? ஊருக்கே பாட்டாப் போட்டுத்தான் சொல்லணுமா?"

இரண்டு படி இறங்கினேன்.

"உன் முகத்துக்கு நேரா சொல்லப் போனா நடுவுல உங்கக்கா நிக்கிறாளே மாப்ளே," என்றேன்.

மேலே ஒரு சத்தம் கேட்டது. அழுகையா சிரிப்பா என்று பலகைக்குப் பின்னால் தெரியவில்லை. காலுக்குக் கீழே தரை சமமாக வந்தது. இறக்கி வைத்தோம். அலமாரியின் இரண்டு கண்ணாடியிலும் கூட்டம் முழுக்கத் தெரிந்தது, முழுசாக. வாங்கிய அம்மாள் தடவித் தடவிப் பார்த்தார். கீறல் இல்லை.

மேடம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "கையில இவ்வளவு கனத்தை வச்சுக்கிட்டு, இவ்வளவு கோபத்துலயும் விடாதவனை நான் எதுக்கு அனுப்பணும்?" என்றார். "திங்கட்கிழமை அறையைப் பாத்துக்கச் சொல்லுங்க." பிறகு குரலைத் தாழ்த்தி, "குறட்டை விடுவான்னா கடைக்கோடி அறையைக் கொடுக்கிறேன்," என்றார்.

வேலை நிலைத்தது. ஆனால் மாப்ளே என்னோடு பேசவில்லை. தூக்கும்போது "வலது", "நில்லு", அவ்வளவுதான். வீட்டில் தன் அக்காவிடமும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பெரிய தண்டனை. அவள் எப்போது கேட்பாளோ என்று சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் கிடங்கில் அவன் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

"என்னதான் வேணும் உனக்கு?"

"எனக்கும் ஒரு சரணம் வேணும்," என்றான்.

தைக்கிற அக்கா அதற்காகவே காத்திருந்ததுபோலக் கத்தரியை எடுத்தார். என்னை வெளியே போகச் சொல்லிவிட்டார்கள். கதவுக்கு வெளியே நின்றேன். துணி உருளைகள் ஒன்றும் கேட்கவிடவில்லை, சிரிப்பைத் தவிர.

பண்டிகைக்கு முந்தின நாள் என் மனைவி கடைக்கு வந்தாள், தம்பி அறை ஜன்னலுக்குத் திரை எடுக்க. அக்கா அவளுக்குத் துணியை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். நானும் மாப்ளேயும் பக்கத்தில் நின்றோம். ஒலிபெருக்கியில் கரக் என்றது. குறட்டைச் சரணம் வந்ததும் அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பார்வை நன்றாக இல்லை. அதற்குள், அன்றைக்குத்தான் புதிதாகச் சேர்த்த மாப்ளேயின் சரணம் வந்தது.

பனியன் எங்கன்னு கத்துற மாமா, போட்டிருக்கறது தெரியல,
இவரோட இத்தனை வருஷம் அக்கா எப்படி இருந்தா, புரியல.

என் மனைவி துணி உருளை மேலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கியது. "நேத்துக்கூட... நேத்துக்கூடத் தேடினாரு," என்று அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். மாப்ளே என்னைப் பார்த்தான். பல நாள் கழித்து நேராகப் பார்த்தான். "சரியாப் போச்சு மாமா," என்றான். நானும் சிரித்துவிட்டேன். வேறென்ன செய்வது, பனியன் விஷயம் உண்மைதான்.

சிரிப்பு அடங்கியதும் அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அக்காவைக் கேட்டாள்: "ஏங்க்கா, இந்தப் பாட்டுல இன்னும் இடம் இருக்கா? இந்த ரெண்டு பேரைப் பத்தியும் எனக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கு."

"உக்காரும்மா," என்றார் அக்கா. "நிறைய இடம் இருக்கு."

நானும் மாப்ளேயும் அதற்குமேல் அங்கே நிற்கவில்லை. ஏற்றுவதற்குச் சாமான் ஒன்றும் இல்லாவிட்டாலும், போய் லாரியில் ஏறிப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டோம்.